கோழையின் கோடரி

கொடுமலைப் பாளையக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் மீசைதான் நிமிரும். ஆற்றுத் தண்ணீருக்காகப் பக்கத்துப் பாளையத்தோடு போர் என்று முடிவானதும், மலைக்காடு முழுவதையும் வெட்டி ஈட்டிக்காம்பு செய்யச் சொன்னார். வெட்டுகிறவர்களே முன்வரிசையில் நின்று சண்டையும் போட வேண்டுமாம்.

விறகுவெட்டி வேடியப்பன் ஊரறிந்த கோழை. தவளை குதித்தாலே பின்வாங்குவான். அவன்தான் எல்லோருக்கும் முன்னால் கோடரியோடு நின்றான்.

“உனக்கு எங்கிருந்துடா வந்தது இவ்வளவு வீரம்?” என்று கேட்டார், வேலையைப் பார்க்க வந்த பாளையக்காரர்.

“வீரமா, எனக்கா? பயத்தில்தான் வெட்டுகிறேன், மகாராசா. நம் ஆறு இந்தக் காட்டு ஊற்றில்தானே பிறக்கிறது? காடு போனால் ஆறும் வற்றிவிடும். ஆறே இல்லையென்றால் என்னை யார் சண்டைக்கு இழுப்பார்கள்?”

மீசை மெல்ல இறங்கியது. கோடரிகளும் இறங்கின. தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அன்றே தூது அனுப்ப முடிவானது.

“நீயே போய்ச் சொல்லிவிட்டு வா” என்றார் பாளையக்காரர்.

“வழியில் நாய் இருக்கும், மகாராசா” என்றான் வேடியப்பன்.