கோயில் கருப்பட்டி

“ஜெபத்துக்கு முட்டி போட்டா ஒண்ணுமே வர மாட்டேங்கும்மா. கண்ணை மூடுதேன், வாயைத் தொறக்கேன், ஒரு வார்த்தை வரல. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு.”

சொன்னவர் தேவஇரக்கம். கருப்பட்டி மொத்த வியாபாரி. வயது அறுபத்திரண்டு.

கேட்டுக்கொண்டிருந்தவர் சுகிர்தம். சபையின் ஊழியக்காரம்மா. குடையும் பையுமாக வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிறவர். தேவஇரக்கத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் ஊர் அவர் வாசலுக்குத்தான் வரும். அவர் அதிகம் பேச மாட்டார் என்பது அதற்கு ஒரு காரணம்.

“காணிக்கை குடுக்கியளா?”

“வருமானத்துல பத்துல ஒரு பங்கு, தசமபாகம், ஒரு மாசம் தவறினது கிடையாது.”

“கடையில?”

“காலையில வசனம் வாசிக்காம உக்கார மாட்டேன். கடைப் பேரே கிருபை ஸ்டோர்ஸ்தான.”

சுகிர்தம் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

“உங்க கடைக் கருப்பட்டிதான் அண்ணாச்சி.”

தேவஇரக்கம் டம்ளரை வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“குடிங்க.”

“இப்பத்தான் வீட்டுல குடிச்சேன்மா.”

சுகிர்தம் டம்ளரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். 

விஷயம் பெரிய ரகசியமில்லை. தேவஇரக்கத்தின் கொட்டகையில் பதனீர் கொதிக்கும்போது மூட்டை மூட்டையாகச் சீனி விழும். பதனீர் பாதி, சீனி பாதி. அந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் காய்ச்சினார்கள். நான் மட்டும் ஒழுங்காகக் காய்ச்சினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்பார் அவர். அது முழுப் பொய்யும் அல்ல.

ஆனால் வருஷத்துக்கு ஒருநாள், விளைச்சலை ஆலயத்தில் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், கொட்டகையில் தனியாக ஒரு பானை ஏறும். தேவஇரக்கமே பக்கத்தில் நிற்பார். ஒரு பொட்டுச் சீனி விழாது. அதில் ஊற்றியெடுத்த கருப்பட்டியைப் புது ஓலைப்பெட்டியில் அடுக்கி ஆலயத்தில் படைப்பார். ஆண்டவருக்குக் கலப்படம் ஆகாது என்பதில் மனிதர் படு கண்டிப்பு.

“பண்டிகை ஏலத்துல உங்க பெட்டிய யாரு எடுக்கா?” என்றார் சுகிர்தம்.

“நான்தான். வேற யாரு எடுப்பா? பதினேழு வருஷமா நான்தான் எடுக்கேன். பெரிய விலைக்கு எடுக்கேன். அதுல கோயிலுக்கும் வருமானம்.”

“யாரு சாப்பிடுதா?”

“வீட்டுலதான்.”

“இந்த வருஷம் ஏலத்துல வாயைத் தொறக்காதிய.”

“ஏம்மா?”

“ஜெபம் வரலன்னு வந்திய. இது ஒண்ணு செஞ்சு பாருங்க.”

அவ்வளவுதான் பேச்சு. காபி ஆறிப்போயிருந்தது.

பண்டிகை வந்தது. கோழி போயிற்று, பூசணிக்காய் போயிற்று, வாழைக்குலை போயிற்று. ஓலைப்பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் பந்தலில் இருந்த அத்தனை பேரும் தேவஇரக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பந்தல் துணியைப் பார்த்தார்.

ஏலம் விடுகிறவர் மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இடியாப்பம் விற்கிற பாக்கியத்தாய். மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள்.

“இருநூறு ரூவா.”

யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் கேட்கவில்லை. பெட்டி அவளுக்கே போயிற்று.

 ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று தேவஇரக்கத்தின் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அன்றைக்கும் தேவஇரக்கம் முட்டி போட்டார். ஒன்றும் வரவில்லை.

பத்து நாள் கழித்துப் பாக்கியத்தாய் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, கருப்பட்டி தீந்துட்டு. பேறுகாலக்காரிக்கு வேணும். ரெண்டு கிலோ தாங்க.”

அவரே மூட்டையிலிருந்து எடுத்து நிறுத்துப் போட்டார். அவள் ஓரத்தில் ஒரு சில்லு உடைத்து வாயில் போட்டாள். முகம் மாறியது.

“இது இல்ல அண்ணாச்சி. கோயில்ல எடுத்தேன்லா, அது வேணும்.”

“அதுவும் இங்கேருந்து போனதுதான்மா.”

“தெரியும்லா. அதனாலதான் கேக்கேன்.” அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். குத்திக்காட்டுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. “மக அந்தக் கருப்பட்டிக் காபிய ஒரு வாய் குடிச்சிட்டு, ஏம்மா இத்தன நாளா இதை வாங்கித் தரலன்னு கேக்கா. நான் கல்யாணம் முடிச்சு வந்த நாள்லேருந்து உங்ககிட்டதான வாங்குதேன். இந்த ருசிய எங்க அண்ணாச்சி வச்சிருந்திய?”

தேவஇரக்கம் வாயைத் திறந்தார்.

சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று சொல்லலாம். நாற்பது வருஷ வியாபாரிக்குச் சொல்லவா தெரியாது?

“ஒரு நிமிஷம் இரும்மா” என்றார். கடைக்குப் பின்வாசல் வழியாக இறங்கி அடுத்த தெருவுக்கு நடந்தார்.

சுகிர்தம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“இதுக்குத்தான் ஏலம் எடுக்க வேண்டாம்னு சொன்னியளாம்மா?”

“எதுக்கு?”

நடந்ததைச் சொன்னார். மூச்சு வாங்கியது. சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை.

“அவ கேட்டதுக்கு என்ன சொன்னிய?”

“ஒண்ணும் சொல்லல. சொல்ல முடியல. முட்டி போட்டா எப்படி ஒரு வார்த்தை வராதோ, அதே மாதிரிதான்.”

சுகிர்தம் கீரைக்காம்பைக் கீழே போட்டார்.

“அவ போயிட்டாளா?”

“இல்ல. கடையிலதான் நிக்கா.”

“இத்தன மாசமா முட்டி போட்டு ஆண்டவரைக் கூப்பிட்டிய. அவரு வந்து கேட்ட அன்னைக்கு, கடையில நிக்க வச்சிட்டு இங்க வந்துட்டியளே அண்ணாச்சி.”