இருபதாவது கம்பம்

பண்ருட்டிக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஓரமாக ஒரு சின்ன மடம். அதன் குரு தையல்நாயகி அம்மைக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்துமூன்று. கடலூரில் பாலம் கட்டும் மேஸ்திரியாக இருந்தவர். தியானத்தில் உட்கார்ந்தாலும் எதிர்ச்சுவரின் வெடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைத் தினமும் கேட்டார்.

"அம்மா, நான் போன பிறகும் நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டுப் போகணும். எதைச் செய்யட்டும்?"

ஒருநாள் அம்மை அவரைக் கீரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கறையான் தின்ற கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியின் ஆடுகள் உள்ளே நின்று அரைக்கீரையை மேய்ந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒரே கம்பத்தில் இரண்டு முழங்கையையும் ஊன்றி அஞ்சலாட்சி நின்றாள். தினமும் ஆட்டைத் தேடி வருகிற சாக்கில் ஊர்க்கதை பேசிவிட்டு, ஒரு சொம்பு மோரும் கொடுத்துவிட்டுப் போவாள்.

"வேலி போடுங்க," என்றார் அம்மை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாசிலாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாலம் கட்டியவருக்கு வேலி எம்மாத்திரம்! மறுநாளே பச்சைப் பூவரசில் இருபது கம்பம் வெட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

சின்ன வயதில் துறைமுகத்தில் படகுகளுக்கு முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுவதை அவர் பார்த்திருக்கிறார். அது பூசிய மரத்தைக் கறையான் சீண்டாது. மடத்தைச் சுற்றியிருக்கிறவர்களும் கம்பத்துக்கு அதைத்தான் பூசுவார்கள். மண்ணுக்குள் போகிற அடியை மட்டும் லேசாகக் கருக்கி, நன்றாக ஆறவிட்டு, நீளக் குச்சியில் துணி சுற்றிப் பூசுவார்கள். பட்டால் தோல் வெந்துவிடும் என்று, ஆள் கை படுகிற மேல்பாகத்தில் பூசமாட்டார்கள்.

மாசிலாமணிக்கு அது போதவில்லை. அடியிலிருந்து நுனிவரை வெறுங்கையால் மூன்று பூச்சு பூசினார். டிராக்டர் பட்டறையிலிருந்து பழைய கரி ஆயில் வாங்கிவந்து நாலாவது பூச்சும் போட்டு, "நூறு வருசம் நிக்கும்மா," என்றார். எல்லாம் உள்ளே இறங்கட்டும் என்று ஈரம் காயுமுன் நெருப்பில் வாட்டினார். அந்த ஊரில் தவழும் குழந்தைகூட முந்திரித் தோடு எரியும் புகைப்பக்கம் போகாது. இவர் குனிந்து நின்று ஊதிவிட்டார்.

பத்தொன்பதாவது கம்பம் முடியும்போது கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. இருமல் நிற்கவில்லை. முகம் வீங்கிக் கண் இடுக்காகிவிட்டது. அம்மை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒரு வாரம் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கண்ணாடியைப் பார்த்ததும் மாசிலாமணிக்கே சிரிப்பு வந்தது. "பலாப்பழம் மாதிரி இருக்கேனே அம்மா!"

"இப்பத்தான் பண்ருட்டிக்காரர் ஆனீங்க."

கூலிக்காரர்கள் கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு பத்தொன்பது கம்பத்தையும் நட்டார்கள். பூசாத இருபதாவதை அம்மையே எடுத்துப் போய் மூலையில் ஊன்றினார்.

"அம்மா, அது வெறுங்கம்பம்! கறையான் அரிச்சிடும். கை ஆறட்டும், நான் பூசிடறேன்."

"கை ஆறட்டும்," என்றார் அம்மை.

மறுநாள் காலையில் அஞ்சலாட்சி வந்தாள். வேலியைப் பாராட்டினாள். பழக்க தோஷம், இரண்டு முழங்கையையும் கம்பத்தில் ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். அதற்கடுத்த நாள் இரண்டு கையிலும் கொப்புளம்.

மாசிலாமணி அதைப் பார்த்தார். தன் கை எரிந்தபோது சிரித்தவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "நான் பூசினதும்மா, நான் பூசினது," என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"விடுங்க பெரியவரே, ஆறிடும்," என்று அவள் போய்விட்டாள். ஆனால் அப்புறம் வரவில்லை. மோரும் வரவில்லை. வேலிப்பக்கம் போகாதே என்று ஊரில் பிள்ளைகளை அதட்டினார்கள். ஆடுகள்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளியே போயின. கீரை செழித்து நின்றது.

மூன்று வாரம் கழித்து, கேட்காமலே மாசிலாமணி சொன்னார்: "ஒரு கறையானும் வரலைம்மா."

"ஆமா. யாரும் வரலை."

மாசிலாமணி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பளபளப்போடு கம்பங்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அவர் கட்டியதிலேயே அழகான வேலைதான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பிடுங்கிடட்டுமா?"

"கையில சாக்கு சுத்திக்குங்க."

"பிடுங்கி அடுப்புக்கு வச்சுக்கலாமா?"

"குடிச்ச புகை பத்தலையா?"

"அப்ப எங்கேம்மா போடறது?"

"நூறு வருசம் நிக்கும்னீங்களே. எங்க நிக்க வைக்கிறதுன்னு யோசிங்க."

அவர் யோசித்தார். கடைசியில், ஆள் அண்டாத மேட்டில் இருந்த ஒரு பழைய தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டுபோய் அங்கே அடுக்கினார். பத்தொன்பதாவதை வைத்துவிட்டு வியர்வையோடு திரும்பி வந்தால், தோட்ட மூலையில் பேச்சுக்குரல் கேட்டது.

அஞ்சலாட்சி! புதுத்தோல் வந்த இரண்டு முழங்கையையும் இருபதாவது கம்பத்தில் ஊன்றிக்கொண்டு அம்மையோடு கதையடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோர்ச்சொம்பு.

"வாங்க பெரியவரே, இதுல ஒண்ணும் தடவலையே?"

"இல்லம்மா, இல்ல! சாஞ்சுக்க, நல்லா சாஞ்சுக்க!"

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். கம்பத்தின் நுனியில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில், நாலு இளம் இலைகள். ஐப்பசி மழையில் பூவரசு வேர் பிடித்துவிட்டது. மாசிலாமணி கிட்டே போய், ஆறிய விரலால் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். விரல் எரியவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்கூட நனைந்துவிட்டது.

"அம்மா, இது... நான் போன பிறகும் இது நிக்குமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அஞ்சலாட்சியின் கிடா பின்னங்காலில் எழும்பி நாலு இலையில் ஒன்றைக் கவ்விவிட்டது. "ஐயையோ!" என்று அலறினார் மாசிலாமணி. அஞ்சலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மை தண்ணீர்க் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல ஆட்டை விரட்டுங்க. அப்புறம் தண்ணி ஊத்துங்க. நாளைக்கு நிக்கும்."