சூலம் பார்த்த சுதந்திரம்

ஆற்றங்கரைச் சீமை ஒன்றை முன்னாளில் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டான். பேரரசனுக்கு அடிபணிவதை அந்த வருஷம்தான் உதறியிருந்தான். உதறிய கையோடு ஒரு கட்டளை போட்டான். "இனி நாம் சுதந்திர நாடு! ஆகவே எல்லோரும் நான் இடுகிற செந்தூரத்தைத்தான் நெற்றியில் இட வேண்டும்!" சுதந்திரம் என்றால் அந்த மனுஷனுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஓடக்காரி பூவாயி மட்டும் இடவில்லை. அவள் ஆற்றங்கரை அம்மனின் மஞ்சளைப் பூசுகிறவள். சங்கிலி போட்டு இழுத்து வந்தார்கள். ஓடத்தைக் கொளுத்தி அவளை நாடு கடத்தும்படி தீர்ப்பாயிற்று.

மந்திரி அம்பலவாணருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல்துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக நின்றவர், பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"மகாராஜா, அவள் சாமியை அவளுக்கே விட்டுவிடக் கூடாதா?"

"இந்த நாட்டிலேயே சுதந்திரமானவன் நான். நான் சொன்னால் சொன்னதுதான்!"

"தங்களைவிடச் சுதந்திரமானவள் இவள். காட்டட்டுமா?"

அரண்மனைக்கு நாள் பார்க்கும் குழைக்காதருக்கு மந்திரியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "காட்டாவிட்டால் இவர் தலை போகட்டும், மகாராஜா!" என்று குதித்தார்.

"ஆகட்டும்" என்றார் மந்திரி. "சங்கிலியைக் கழற்றுங்கள். இவளும் மகாராஜாவும் வடக்குத் துறைக்குப் போய், அக்கரை தொட்டுத் திரும்பட்டும். யார் முந்துகிறார்கள் பார்ப்போம்."

பூவாயி விறுவிறுவென்று போய்விட்டாள். ராஜா துள்ளி எழுந்தான்.

"இன்று செவ்வாய், வடக்கே சூலம்! பால் அருந்தாமல் புறப்படலாகாது" என்றார் குழைக்காதர். பால் வந்தது. பல்லி சத்தமிட்டது, ராஜா உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான், குடைக்காரன் தும்மினான். திரும்பவும் உட்கார்ந்தான். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது.

மந்திரி சாளரத்துக்கும் தூணுக்குமாக நடையாய் நடந்தார். அக்கரை வேறு ராஜ்யம். போனவள் எதற்குத் திரும்பப் போகிறாள்? சாமர்த்தியம் காட்டப் போய்த் தலையைக் கொடுத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ராகுகாலம் முடியுமுன்பே, ஈரப் புடவையோடு பூவாயி வாசலில் நின்றாள்.

"நீ ஓடிப் போகவில்லையா?" என்றான் ராஜா.

"நான் எதுக்கு ஓடணும் சாமி? எங்க ஆறு, என் ஓடம். கரையில சனம் காத்துக்கிட்டுக் கெடக்கு. சட்டுனு சொல்லுங்க, நான் போகணும்."

அம்பலவாணருக்குக் கண் கலங்கிவிட்டது. "மகாராஜா, பேரரசனையே உதறினீர்கள். ஒரு பல்லியை உதற முடியவில்லையே!"

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"கட்டளை ரத்து. அவரவர் சாமி, அவரவர் நெற்றி. குழைக்காதரே, முன்னால் நடவும். இந்த ராகுகாலத்திலேயே வடக்கே போகிறோம்!"

குழைக்காதர் வெலவெலத்துப் போய் நடந்தார். சபையே வாய்விட்டுச் சிரித்தது.

துறையில் ராஜா ஓடத்தில் ஏறி நின்று, "ம், தள்ளு!" என்றான்.

"இன்னும் நாலு பேர் வரணும் சாமி. குந்துங்க."

ராஜா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மீன்கூடைக்காரி ஒதுங்கி இடம் விட, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.