வாய் நிறையத் தண்ணீர்

தளவாய்க்குப் பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. பாலைக் கொடுத்தால் ஆறட்டும் என்பான். ஆறிய பிறகு ஈ விழுந்திருக்குமோ என்பான். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவன் வீட்டுக் கதை தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அவனுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், அந்தப் பக்கத்து வழக்கப்படி, பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டு உருட்டினார்கள். எமன் வந்து பார்த்தால், யாரோ வேண்டாமென்று எறிந்தது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானாம். பிள்ளையை வேறொருவர் எடுக்க வேண்டும். பெற்றவர்கள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எடுத்தவர் நாச்சியாரம்மா. குப்பம்மாள் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு நாச்சியாரம்மா குரு. தளவாய் அவருடைய சீடன். பூப்பறிப்பது, மடத்தைப் பெருக்குவது, சாயங்காலம் அம்மா சொல்வதைக் கேட்பது. மற்ற நேரமெல்லாம் பயப்படுவது.

குப்பையில் உருண்டதோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் காலில் மண் ஒட்ட அவன் விடவில்லை. ஏழு வயது தாண்டியும் தோளில்தான் சுமந்து வருவான். கழுத்தில் தாயத்து, கையில் கறுப்புக் கயிறு, இடுப்பில் ஒரு மணி. மணிச்சத்தம் நின்றால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான்.

ஊர்ப் பிள்ளைகள் பொழுதெல்லாம் ஓடையில்தான். குப்பு மடத்துப் படியில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஓடையைக் கடக்கும்போது, அவளை நடுப்பாறையில் இறக்கி வைத்துவிட்டு, மூட்டையைக் கரையில் போடப் போனான். அந்நேரம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுத் திடுதிடுவென்று கரையேறினார்கள். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள், மலைமேல் பெய்த மழைத்தண்ணீர் ஓடையில் பாய்ந்து வந்துவிட்டது.

குப்பு எழுந்து நின்றாள். ஓடவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுடலி என்ற பெண், இவளைவிடக் கொஞ்சம் பெரியவள், பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்து அவளைக் கரையில் போட்டாள். பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

தளவாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தான்.

"எம்மா, பெரிய தாயத்தா ஒண்ணு மந்திரிச்சுக் கட்டுங்க."

"கட்டியிருக்கது பத்தாதா?"

"பத்தலையே! இன்னைக்குப் போயிருப்பாளே!"

"மத்த பிள்ளைய எல்லாம் எதைக் கட்டிக்கிட்டுக் கரையேறுச்சு?"

"அதுக ஓடையிலயே கெடக்கிறதுக. அதுகளுக்குத் தெரியும்."

தன் வாயால் சொன்னது தளவாயின் காதிலேயே விழவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைய ஓடையில விளையாட விடு."

"ஐயையோ! என்னம்மா சொல்லுதிய?"

"ஒரு முறம் தவிட்டுக்கு உனக்குக் கொடுத்தது நான். நான் சொன்னா கேக்கணும்."

"ஏதாவது ஆயிட்டுன்னா?"

"ஓடிப்போயித் தூக்கு. உன்னைய நான் கட்டியா போட்டிருக்கேன்? ஒண்ணே ஒண்ணு செய். அவ கரையேறுற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணிய வாயில வச்சுக்கிட்டு இரி. முழுங்கக் கூடாது. சும்மாவும் துப்பக் கூடாது."

மறுநாள் வெள்ளம் வடிந்து, ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். தளவாய் சொம்பிலிருந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை. உட்கார்ந்தால் மௌனமாகிவிடுவது அம்மாவின் பழக்கம்.

குப்பு தண்ணீரில் ஒரு காலை வைத்தாள். திரும்பி அப்பனைப் பார்த்தாள். இன்னொரு காலை வைத்தாள். மறுபடியும் பார்த்தாள்.

வாயில் தண்ணீர் இருந்தாலும் தளவாயின் முகம் சும்மா இருக்கவில்லை. புருவம் ஏறியது, கண் பிதுங்கியது, கன்னம் இரண்டும் துடித்தன. ஊரைக் கூட்டிக் கத்தினாலும் அவ்வளவு கத்தியிருக்க முடியாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே குப்பு பாசிக்கல்லில் காலை வைத்தாள். சறுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது.

அவன் துள்ளி எழுந்தான். அம்மா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். தாடையைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார். தானும் அதே பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். ஓடைக்கும் பிள்ளைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

கண்ணால் பார்க்கிற பயத்துக்கு ஓர் அளவு உண்டு. காதால் கேட்கிற பயத்துக்கு அது கிடையாது. பின்னால் தண்ணீர் சலசலக்கும். யாரோ வீலென்று கத்துவார்கள். அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியாது. ஒரே ஆறுதல் அந்த மணி. மணி கேட்கிற வரை பிள்ளை இருக்கிறாள்.

ஒருநாள் மணி நின்றுவிட்டது.

தளவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். முடியவில்லை. துப்பிவிட்டு, "ஏ குப்பூ!" என்று அலறிக்கொண்டு ஓடினான்.

"சத்தம் போடாதப்பா!" என்று தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

உடம்பெல்லாம் சேறோடு குப்பு குந்தியிருந்தாள். இடுப்பு மணிக்குள் களிமண்ணை அடைத்து வைத்திருந்தாள்.

"மணி அடிச்சா கண்டுபிடிச்சிருவாங்கப்பா. மணிக்காரி ஆட்டைக்கு வேண்டாம்னு சுடலி சொல்லுதா. போப்பா, நீ நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

தளவாய் திரும்பி வந்தான். மறுபடியும் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மணி அதற்கப்புறம் ஒலிக்கவே இல்லை. அந்த நாட்களை அவன் எப்படிக் கழித்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். ராத்திரி பிள்ளை தூங்கியதும் அவள் முழங்காலில் இருக்கிற காயங்களைத் தடவிப் பார்ப்பான். பழையது ஆறியிருக்கும், புதிதாக ஒன்று இருக்கும்.

கோடை வெயில் ஏறிய பிறகு கரையில் உட்கார முடியவில்லை. ஓடைக்குள்ளேயே, மருதமரத்து நிழல் விழுகிற ஒரு தட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கேயும் அப்படித்தான். மேல்பக்கத்தில் பிள்ளைகள், கீழ்ப்பக்கம் பார்த்தபடி இவர்கள் இருவரும்.

அன்றைக்கும் நல்ல வெயில். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்புவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. தளவாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சட்டென்று எல்லாக் குரலும் நின்றது.

மணி நின்றபோது ஒரு பிள்ளையின் சத்தம்தான் நின்றது. இப்போது ஒருவர் சத்தமும் இல்லை. அவனுக்குக் கைகால் விறைத்துவிட்டது. திரும்ப வேண்டும் என்று நினைக்கிறான், கழுத்து திரும்பவில்லை. எழ வேண்டும் என்று நினைக்கிறான், இடுப்பு எழவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவர் உள்ளங்கைகளைப் பாறையில் ஊன்றியிருந்தார்.

ஈரமான சின்னக் கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"எப்பா, எந்திரி! சருகு வருது!"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"நுரையும் சருகுமா வருதுப்பா! பின்னாலயே தண்ணி வரும்! எந்திரி! அம்மா, நீங்களும் எந்திரிங்க!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுல மிதிக்காத, அது ஆடும். இதுல வை. என் பின்னாலயே வா."

ஏழெட்டுத் தடவை வழுக்கி, விழப்போய், அவள் இழுத்த இழுப்புக்குப் போய்க் கரையேறினான். அம்மாவுக்குச் சுடலி கைகொடுத்தாள். கரையில் கால் வைத்ததும் பின்னால் இரைச்சல் கேட்டது. செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்கு உருண்டு வந்து தட்டைப் பாறையை மூடியது. மருதமரத்தின் ஒரு கிளை முறிந்து அதோடு போயிற்று.

தளவாய் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் குப்புவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அழுதுகொண்டே நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மாவும் துப்பிக்கொண்டிருந்தார். வாய் நிறையத் தண்ணீர்.

"நீங்களுமாம்மா? இத்தனை நாளும்?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"குப்பையிலயிருந்து எடுத்தது நான்லா? எனக்குப் பயம் இருக்காதா?"

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. ஓடை தெளிந்தது. சுடலி மடத்து வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். குப்பு கழுத்துத் தாயத்தைக் கழற்றிப் படியில் வைத்தாள். எங்கேயோ மாட்டிக்கொள்கிறதாம். கேட்காமலேயே ஓடிவிட்டாள்.

தளவாய் படியில் கிடந்த தாயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓடைப்பக்கமிருந்து வீலென்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். இப்போது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் ஓடைப் பக்கம் திரும்பியது.

"எம்மா, இந்தப் பயம் எப்பத்தான் போவும்?"

"போவாது. சொம்பை எடு."

தளவாய் எடுத்துவந்தான். முதலில் அம்மாவுக்கு ஊற்றினான். பிறகு தனக்கு.