கலங்கச் சம்மதித்த தண்ணீர்

ஒரு பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் புட்டியில் ஏறி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தாள். பார்க்கக் கண்ணாடிதான். ஆனால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துப் பட்டறையில் பழைய பேட்டரி உடைக்கிறார்கள். அங்கிருந்து கசிந்த ஈயம் துளித்துளியாய் அவளுக்குள் ஒளிந்திருந்தது. நாளைக்கும் முந்நூறு பிள்ளைகள் அவளைத்தான் குடிக்க வேண்டும்.

அளவுக் கருவி அவளை ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஈயம் இல்லை" என்றது.

"இல்லையா? அல்லது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டாள் தண்ணீர்.

"எனக்கு இரண்டும் ஒன்றுதான்" என்று கொட்டாவி விட்டது கருவி.

உள்ளே ஈயம் சிரித்தது. "நாங்களோ கொஞ்சப் பேர். இத்தனை தண்ணீரில் எங்களை எவன் தேடப்போகிறான்?"

அப்போது சோப்புத் திரவம் வந்தான். "பாத்திரம் கழுவுகிறவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று குடுவைகள் கேலி பேசின. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடவே ஒரு வேதிப்பொருள் கூட்டாளி. ஈயத்தைக் கண்டால் உடும்புப் பிடியாய்ப் பிடிக்கிறவன்.

"இவன் பிடிப்பான், நான் சுமப்பேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சூடேறும்போது கலங்கு. அப்போதுதான் நான் உன்னைவிட்டுப் பிரிந்து திரள முடியும்" என்றான் சோப்பு.

தண்ணீருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கலங்காதே, கலங்காதே என்றுதானே என்னை வளர்த்தார்கள்? கலங்கினால் கொட்டிவிடுவார்களே!"

"தெளிவாக இருந்து இதுவரை யாரைக் காப்பாற்றினாய்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "சரி, கலங்குகிறேன்."

சூடு ஏற ஏறப் பால் போல் வெளுத்துக் கலங்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது. பரிசோதகர் செண்பகவல்லி அவளைச் சுழலியில் வைத்துச் சுற்றினார். கிறுகிறுப்பு அடங்கியபோது சோப்பு ஒரே சொட்டாகத் திரண்டு அடியில் கிடந்தான். சிதறிக் கிடந்த ஈயமெல்லாம் அந்தச் சொட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

அதைச் சுவைத்த கருவி துள்ளி விழுந்தது. "அடேயப்பா! இவ்வளவு பேரா?"

செண்பகவல்லி தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், தண்ணியில ஈயம் இருக்கு. அந்தக் குழாயைப் பூட்டிடுங்க. பிள்ளைங்க ஒரு வாய்கூடக் குடிக்க வேணாம். லாரித் தண்ணிக்குச் சொல்லிடுங்க."

"இப்பவே பூட்டுறேம்மா. நல்லவேளை சொன்னீங்க."

தண்ணீருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாகம் தீர்க்கவே பிறந்தவள், இனி தன்னை யாரும் குடிக்கப் போவதில்லை என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.