கரடியண்ணனின் முள் கடிவாளம்

குதிரைமேல் குரங்கு சவாரி போவதை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? தேன்பாறைக் காட்டில் அது தினமும் நடந்தது. ஆனால் சவாரி மாதிரியே இருக்காது. யாரோ யாரையோ கடத்திக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

குதிரையின் பெயர் சுழியன். கூட்டத்தை விட்டு வழி தவறி வந்த இளங்குதிரை. குரங்கின் பெயர் கிளையம்மா. கைக்குழந்தைக்காரி. குட்டியைத் தங்கையிடம் விட்டுவிட்டுத்தான் சவாரிக்கு வருவாள்.

மலையில் மழை பெய்தால் கீழே ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்துவிடும். ஆற்றோரப் பள்ளத்தில் முயல்கள் குஞ்சும் குளுவானுமாகக் குடியிருந்தன. உச்சி மரத்தில் ஏறி வெள்ளத்தைப் பார்க்கக் குரங்கால் முடியும். ஓடிப்போய்ச் சொல்லக் குதிரையால் முடியும். அதனால் காட்டுக்குத் தலைவரான யானையார் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டிருந்தார்.

யோசனை நல்ல யோசனைதான். சுழியன்தான் அடங்கவில்லை. நடக்கிற வரைக்கும் சாதுவாக நடப்பான். கொஞ்சம் வேகம் பிடித்ததும் தலையை உதறுவான். அப்புறம் கண்மண் தெரியாமல் பாய்வான். வலப்பக்கம் திருப்பினால் சேற்றில் இறங்குவான், இடப்பக்கம் திருப்பினால் முட்புதரில் நுழைவான்.

அந்தக் காட்டில் கடிவாளம் செய்யத் தெரிந்தவர் கரடியண்ணன் ஒருவர்தான். முதலில் வேங்கைக் குச்சியை வழவழவென்று தேய்த்து ஒன்று செய்து கொடுத்தார். சுழியன் இழுத்துக்கொண்டு ஓடினான். வழவழவென்று இருந்தால் பயம் எப்படி வரும் என்று, முறுக்கிய கொடியில் இன்னொன்று செய்தார். சுழியன் இன்னும் வேகமாக ஓடினான். கரடியண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கணுவைச் சீவாமல் மூங்கிலில் ஒன்று செய்து மாட்டினார். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் கிளையம்மா புளியமரத்துக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தாள், குதிரையைக் காணோம்.

சுழியனைப் போல நெற்றியில் இரட்டைச் சுழி இருக்கிற குதிரை எந்தக் காலத்திலும் அடங்காது என்று மயில் வேறு கிளப்பிவிட்டது.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று சுழியனிடமே எல்லோரும் கேட்டார்கள். பாவம், கேட்கிறபோதெல்லாம் அவன் வாயில் கடிவாளம் இருந்தது. "ம்ம்... ம்ஹும்..." என்றுதான் சத்தம் வந்தது.

"திமிரைப் பாருங்க. வாயத் திறக்குதா?" என்றார் கரடியண்ணன்.

மேயப் போகும்போது கடிவாளத்தைக் கழற்றுவார்கள். அப்போது யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. புதிதாக வந்த குதிரை, தானாகப் போய்ச் சொல்ல அவனுக்கும் கூச்சம்.

கடைசியில் யானையார் ஒரு முடிவுக்கு வந்தார். மழைக்காலம் நெருங்கிவிட்டது. மறுநாள் காலையில் சுழியன் பள்ளம் வரைக்கும் ஒழுங்காகப் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் பொட்டல். புல்லும் கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. சுழியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கரடியண்ணன் ஈச்ச முள்ளை வரிசையாகப் பதித்து முள் கடிவாளம் கட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் கிளையம்மா சுழியனை ஓடைக்குக் கூட்டிப்போனாள். கடிவாளத்தைக் கழற்றிவிட்டாள். அவன் தண்ணீரில் வாயை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தண்ணீரில் லேசாகச் சிவப்பு கலந்தது.

கிளையம்மாவுக்குத் திக்கென்றது. குட்டி பால் குடிக்காமல் முரண்டு பிடித்தால் அவள் முதலில் அதன் வாயைத்தான் திறந்து பார்ப்பாள். இவனுக்கு மட்டும் ஏன் பார்க்காமல் விட்டோம் என்று உதட்டை விலக்கிப் பார்த்தாள். கடைவாய் இரண்டு பக்கமும் கிழிந்து புண்ணாகியிருந்தது.

"ஏண்டா தம்பி, இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா ஓடினே?"

"வலிக்குதுன்னுதான்க்கா ஓடினேன்."

"எது வலிக்குது? அண்ணன் செஞ்ச கட்டையா?"

சுழியன் தயங்கினான். "கட்டையை விட உங்க கைதான்க்கா. கொஞ்சம் வேகமாப் போனா கடிவாள வாரைப் பிடிச்சுத் தொங்கிடுறீங்க. உங்க கனம் முழுக்க என் வாயில வந்து நிக்குது."

கிளையம்மா தன் கைகளைப் பார்த்தாள். குரங்கு பிறந்ததும் முதலில் படிக்கிற பாடமே பிடியை விடாதே என்பதுதான். அம்மா மரம் தாவும்போது குட்டி எவ்வளவு பயப்படுகிறதோ அவ்வளவு இறுக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் அவள் குதிரைமேலும் கொண்டுவந்திருந்தாள். அவள் இறுக்க இறுக்க அவன் ஓடினான். அவன் ஓட ஓட அவள் இறுக்கினாள்.

"விட்டா விழுந்துடுவேனேடா" என்றாள் சின்னக் குரலில்.

"பிடரியைப் பிடிச்சுக்கோங்க. அது வலிக்காது."

மறுநாள் கரடியண்ணன் முள் கடிவாளத்தோடு தயாராக நின்றார். கிளையம்மா வேண்டாம் என்றுவிட்டாள். வாழைநாரைக் கயிறாகத் திரித்து, சுழியனின் மூக்குத்தண்டைச் சுற்றி மட்டும் கட்டினாள். வாய்க்குள் எதுவுமே வைக்கவில்லை. முள்ளுக்கே அடங்காதவன் நாருக்கா அடங்கப் போகிறான் என்று கரடியண்ணன் சிரித்தார்.

இருவரும் கிளம்பினார்கள். நடை ஓட்டமானது. கிளையம்மா பிடரியை விடவில்லை. பாதி வழியில் புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி ஒன்று படபடவென்று பறந்தது. சுழியன் மிரண்டு பாய்ந்தான். கிளையம்மாவின் கை, தானாகவே கயிற்றுக்குப் போய் இறுகியது.

சுழியன் தலையை உதறினான். உடம்பெல்லாம் பயம் அவளுக்கு. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கயிறு தளர்ந்தது. அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வலிக்காதுடா, வலிக்காது" என்றாள். அவள் குரலைக் கேட்கச் சுழியனின் காதுகள் மெல்லப் பின்னால் திரும்பின. பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையானது.

பள்ளத்தில் யானையாருக்கு முன்னால் சுழியன் வந்து நின்றபோது முயல்குட்டிகள் ஓடிவந்து அவன் காலைச் சுற்றிக்கொண்டன. இனி இவன் இந்தக் காட்டின் குதிரை என்று யானையார் சொல்லிவிட்டார்.

முரண்டு பிடிக்கிறவர்களை இறுக்குவதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும்.

இது கரடியண்ணனுக்கும் உறைத்தது. சுழியனின் வாய்ப்புண் ஆறிய பிறகு, ஆலம்பட்டை சுற்றிய புதுக் கடிவாளம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டவில்லை. அவன் முன்னால் கீழே வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

"தம்பி, இதை ஒருதரம் கடிச்சுப் பார்த்துட்டு, துப்பிட்டு, எங்க உறுத்துதுன்னு கொஞ்சம் சொல்லுறியா?"