சரிவில் வைத்த தீ

மலைச்சரிவில் குடிசை போட்டுத் தனியே வாழ்ந்த துறவி நீலம்மையிடம் சீடனாகச் சேர்ந்தபோது சிக்கையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனை அண்ணா என்பார்.

அதே மலைச்சரிவில் ஒரு காலத்தில் எண்பது மாடு மேய்த்தவன் அவன். மாட்டுப்பட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். பிள்ளைகள் மில் வேலைக்குப் போனார்கள். மாடுகள் சந்தைக்குப் போயின. கடிக்க வாயில்லாமல் புல் இடுப்பளவு வளர்ந்து காய்ந்தது. பள்ளத்தில் ஒதுங்கியிருந்த மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் ஏறிவந்தன.

பங்குனி மாதம் ஒருநாள் உச்சிவெயிலில் சிக்கையன் ஓடிவந்தான்.

"அம்மா, உப்புக்கல்லைக் காணோம்."

மாடுகளுக்கு உப்பு வைக்கிற பாறை அது.

"நல்லாத் தேடினீங்களா?"

"கண்டுபிடிச்சேன். சுத்திப் பூரா மரக்கன்னு. கல்லு கண்ணுக்கே தெரியலை." அவன் சரிவைக் கை காட்டினான். "காடு எங்க நிலத்தைத் தின்னுது. நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமா?"

நீலம்மை அந்தப் பக்கம் பார்த்தார்.

"தீ வைக்கப் போறேன். என் பாட்டன் பங்குனிக்குப் பங்குனி வச்சாரு. மரக்கன்னெல்லாம் கருகிடும். மழை விழுந்தா புதுப்புல் வரும்."

"பாட்டன் வைக்கிறப்போ கூட எத்தனை பேர் நிப்பாங்க?"

"பன்னெண்டு பேர். தீ தாண்டினா அடிக்க, ஆளுக்கொரு பச்சைக் கொப்போட."

"இப்போ?"

சிக்கையன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். நீலம்மை ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு அவன் பின்னால் போனார்.

காற்று மேல்நோக்கி அடித்தது. அதைப் பார்த்துத்தான் அவன் தீ வைத்தான். கால் நாழிகை எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு காற்று நின்றது. மறுபடி கிளம்பியபோது திசை மாறியிருந்தது.

தீ குடிசையை நோக்கி இறங்கியது.

சிக்கையனும் ஒரு கொப்பை ஒடித்தான். இருவரும் தீயை அடித்தார்கள். ஓரிடத்தில் அணைத்தால் நான்கு இடத்தில் பற்றியது. சிக்கையனின் கொப்பு கருகி உதிர்ந்தது. வெறுங்கையால் மண்ணை வாரி வீசினான்.

"அண்ணா, விடுங்க!"

"குடிசை, அம்மா!"

"விடுங்கன்னு சொல்றேன்!"

திரும்பிப் பார்த்தான். பின்னாலும் தீ. பள்ளத்துப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. நீலம்மை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மரங்களுக்குள் நுழைந்து ஈரச் சருகில் குப்புற விழுந்தார்கள். பக்கத்தில் ஒரு முயல் வந்து பதுங்கியது. அது அவர்களைக் கண்டு பயப்படவில்லை. பயப்பட அதற்கு வேறொன்று இருந்தது.

தீ மரங்களின் விளிம்புவரை வந்தது. ஓரத்து மரக்கன்றுகள் சடசடவென்று வெடித்தன. உள்ளே நிழலும் ஈரமும் இருந்தன. கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அங்கேயே அவிந்துபோனது.

புகை அடங்கியபின் சிக்கையன் எழுந்து உட்கார்ந்தான். அவன் புருவங்கள் கருகியிருந்தன. குடிசை இருந்த இடத்தில் நான்கு கரிக்கால்கள் நின்றன.

"ஏம்மா என்னைத் தடுக்கலை?"

"தடுத்திருந்தா நாளைக்கு நான் இல்லாதப்போ தனியா வச்சிருப்பீங்க. நாளைக்கு உங்களைத் தேடி நான் எங்கே ஓடுறது?"

அவன் அழுதான். அவர் அழவிட்டார்.

பாறையிடுக்கில் கீற்று கட்டி இருவரும் நாட்களைக் கழித்தார்கள். சித்திரையில் நான்குநாள் மழை பெய்தது. ஐந்தாம் நாள் விடியலில் சிக்கையன் கத்திக்கொண்டே வந்தான்.

"அம்மா, வந்து பாருங்க!"

சரிவு முழுக்கப் பச்சை. விரல்நீளப் புல், இளசாக, பனி சொட்ட நின்றது. அவன் இளம்வயதில் கண்ட அதே சரிவு.

"நான் சொன்னேன்ல? போன நிலம் திரும்பி வந்திருச்சு. இனி இது மேய்ச்சல்."

நீலம்மை குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்து மென்றார்.

"இனிப்பா இருக்கு. நல்ல புல்."

"ஆமாம்மா!"

"அப்போ மாடுகளைக் கூப்பிடுங்கண்ணா."

பழக்கத்தில் சிக்கையனின் இரண்டு கைகளும் வாயருகே குவிந்தன. மூச்சை இழுத்தான். கீழே ஒருதரம் பார்த்தான், மேலே ஒருதரம் பார்த்தான்.

கைகள் குவிந்தபடியே இருந்தன. குரல் வரவில்லை.